நிற்குமிடம் அறிந்த ஆட்டக்காரர்: வில்லி மொஸ்கோனி

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில், வேளாண்மை வேலை ஓய்ந்த மாலைப் பொழுதில் இளைஞர் நால்வர் கூடினால், அவர்கள் நடுவே ஒரு கரம் பலகை வந்துவிடுவது இயல்பு. கிரான் அதற்கு விலக்கன்று. பலகையில் மாவைத் தூவிக் காய்களை நடுவில் அடுக்கி, கண் மங்கும்வரை ஆடுவர். அதைக் கண்டு பெற்றோர் முகம் சுளிப்பதும் ஆசிரியர் கண்டிப்பதும் இயல்பே. படிக்கின்ற பிள்ளையின் பொழுதைத் தின்னும் பகை அது என்பது பெரியோர் துணிபு.

இத்துணிபு நமக்கே உரியதன்று. பச்சைத் துணி போர்த்த மேசையின்மீது கோல்கொண்டு பந்துகளை ஆடும் பில்லியட்ஸ் ஆட்டத்தை அமெரிக்கப் பெற்றோரும் நெடுங்காலம் இதே கண்ணோடுதான் நோக்கினர். அவர்கள் அச்சத்துக்குக் காரணமும் மிகுதியாக இருந்தது. ஆட்டம் நிகழ்ந்த கூடங்கள் பல, சூதாடிகளுக்கும் வேலையற்றுத் திரிவோருக்கும் புகலிடமாயிருந்தன. அத்தகைய கூடமொன்றின் உரிமையாளருக்கு மகனாய்ப் பிறந்து, தந்தையாலேயே மேசையினின்றும் விலக்கப்பட்டு, பின்னர் அம்மேசையின் ஒப்பற்ற தலைவராய் விளங்கி, அவ்வாட்டத்தின்மேற் படிந்த கறையைத் துடைப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் பெயர் வில்லி மொஸ்கோனி.

இலக்கியப் பக்கத்தில் ஓர் ஆட்டக்காரரின் வரலாறு எதற்கு என வினவுவோர் இருக்கலாம். மொஸ்கோனியின் திறமை கையில் இருந்ததிலும் பார்க்கக் கருத்திலே மிகுதியாக இருந்தது என்பதே விடை. ஒரு செயலைச் செய்யும்போதே, அது முடிந்தபின் தாம் எங்கே நிற்போம், அங்கிருந்து அடுத்த செயலை எவ்வாறு தொடங்குவோம் என எண்ணும் பழக்கம் அவரிடம் முற்றி விளைந்திருந்தது. மாணவரும் ஆசிரியரும் அறிந்துகொள்ளத் தக்க பழக்கம் அது.

உருளைக்கிழங்கும் தும்புத்தடியும்

1913 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மொஸ்கோனி பிறந்தார். தந்தை ஜோசப் இத்தாலிய வழியினர். முன்னாளிற் குத்துச்சண்டை வீரராயிருந்து பின்னர் பில்லியட்ஸ் கூடம் நடத்தியவர். உறவினர் சிலர் மேடை நடனத்திற் பெயர் பெற்றிருந்தனர். தம் மகனும் நடனமாடி மேடையேற வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். பந்தாட்டம் பிழைப்புக்கு ஆகும். பிள்ளைக்கு ஆகாது என அவர் கருதினார் போலும். ஆகவே, சிறுவன் மேசையை நாடத் தொடங்கியதும் பந்துகளையும் கோல்களையும் பூட்டி வைத்துவிட்டார்.

பூட்டு சிறுவனின் கையைத் தடுத்ததேயன்றி மனத்தைத் தடுக்கவில்லை. தாயாரின் அடுக்களையிலிருந்து உருட்சியான உருளைக்கிழங்குகளைத் தெரிந்தெடுத்து அவற்றைப் பந்துகளாக்கினான். தும்புத்தடி கோலாயிற்று. மேசை உயரம் எட்டாதபடியால் பெட்டியொன்றின்மீது ஏறி நின்று ஆடினான். உருளைக்கிழங்கு நேராக ஓடுவதில்லை. தன் வடிவத்துக்கேற்ப வளைந்து ஓடும். அதையே ஓரளவு சொற்கேட்க வைத்த சிறுகைக்கு, உண்மைப் பந்து எளிதாயிற்று.

களவு ஒருநாள் வெளிப்பட்டது. ஆனால், மகனின் ஆற்றலைக் கண்ட தந்தையின் எண்ணம் மாறியது. தடுத்தவரே விளம்பரம் செய்பவராயினார். வயதிற் பன்மடங்கு மூத்தவர்களோடு சிறுவனை ஆடவிட்டு மக்களைக் கூட்டினார். 1919 ஆம் ஆண்டில், ஆறு வயதான மொஸ்கோனிக்கும் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான இளைஞர் ரல்ப் கிறீன்லீப்புக்கும் காட்சி ஆட்டமொன்று ஒழுங்கு செய்யப்பட்டது. கிறீன்லீப்பே வென்றார். எனினும், பெட்டியின்மீது நின்று ஆடிய சிறுவனைக் கூட்டத்தார் மறக்கவில்லை.

இப்பகுதியைப் படிக்கும்போது நாம் சற்றே தயங்குதல் தகும். ஆட்டத்தை முற்றாக விலக்குவது ஒரு கோடி; பிள்ளையின் ஆற்றலைக் காசாக்குவது மறுகோடி. ஒரே தந்தை, சில திங்களுள் இவ்விரு கோடிகளையும் தொட்டுவிட்டார். அப்பிள்ளைக்கு மேசை என்றும் முற்றான விளையாட்டாக இருந்ததில்லை. பிற்காலத்திலும் அவர் ஆட்டத்தைத் தம் தொழிலாகவே கண்டார், களியாட்டமாகக் கண்டதில்லை. அவர் முகத்திலே காணப்பட்ட கண்டிப்புக்கு வேர், அப்பெட்டியின்மீது நின்ற நாட்களிலே இருந்திருக்கலாம்.

கரத்திலிருந்து பூலுக்கு

மொஸ்கோனியின் அருமையை உணரவேண்டுமாயின் அவர் ஆடிய ஆட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும். குழிகளிற் பந்தை வீழ்த்தும் பில்லியட்ஸ் வகையை அமெரிக்கர் பூல் என்பர். அதிலும் பல வகை உண்டு. மொஸ்கோனி புகழ் நாட்டியது ஸ்ட்ரெயிட் பூல் எனப்படும் வகையில்.

மேசைக்கு ஆறு குழிகள். மேசைமீது எண்ணிட்ட பதினைந்து பந்துகள். அவற்றை மோதுவதற்கு ஒரு வெள்ளைப் பந்து. கோல் தீண்டக்கூடியது வெள்ளைப் பந்தை மட்டுமே. எந்தப் பந்தை எந்தக் குழியில் வீழ்த்தப்போகிறார் என்பதை ஆட்டக்காரர் முன்னரே அறிவிக்க வேண்டும். அறிவித்தபடி வீழ்ந்தால் ஒரு புள்ளி. தொடர்ந்தும் அவரே ஆடலாம். தவறினால் மேசை எதிராளிக்கு உரியது. பெரும் போட்டிகளில் 125 அல்லது 150 புள்ளிகளை முதலில் எட்டியவர் வென்றவராவார்.

1910 ஆம் ஆண்டளவில் ஜெரோம் கியோ என்னும் ஆட்டக்காரரின் யோசனைப்படி இதில் ஒரு புதுமை புகுந்தது. பதினான்கு பந்துகள் வீழ்ந்ததும் ஆட்டம் சற்றே நிற்கும். பதினைந்தாவது பந்து கிடந்த இடத்திலேயே கிடக்க, வீழ்ந்த பதினான்கையும் மீண்டும் முக்கோணமாக அடுக்குவர். முக்கோணத்தின் உச்சியிடம் மட்டும் வெறுமையாய் இருக்கும். ஆட்டக்காரர் எஞ்சிய பந்தைக் குழியில் வீழ்த்தும் அதே அடியில், வெள்ளைப் பந்து சென்று அடுக்கைத் தாக்கிக் கலைக்க வேண்டும். கலைத்தால் ஆட்டம் தொடரும். கலைக்காவிட்டால் அடுத்து அடிப்பதற்குப் பந்து கிடைப்பது அரிது.

கரம் ஆடுவோர் இதனை எளிதில் உணர்வர். ஆனால், இரண்டுக்கும் இடையே பெரியதோர் வேறுபாடு உண்டு. கரத்தில், அடிக்கும் வில்லை ஒவ்வோர் அடியின் பின்னும் ஆட்டக்காரரின் கைக்கே திரும்பி வருகிறது. கோட்டின்மீது தமக்கு வாய்ப்பான இடத்தில் அதை வைத்து மீண்டும் அடிக்கலாம். பூலில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பந்து எங்கே சென்று நின்றதோ, அங்கிருந்தே அடுத்த அடி. நல்ல இடத்தில் நின்றால் அது முந்திய அடியின் பயன். தீய இடத்தில் நின்றால் அதுவும் முந்திய அடியின் பயனே.

ஆகவே, பந்தைக் குழியில் வீழ்த்துவது இவ்வாட்டத்தின் ஒரு பாதிதான். வெள்ளைப் பந்தை அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துவது மறுபாதி. புதிதாய் ஆடுவோர் முதற் பாதியிற் கண்ணாயிருப்பர். மொஸ்கோனியோ மறுபாதியிலே தம் பெயரை நிலைநாட்டினார்.

குருவும் எச்சரிக்கையும்

சிறுவயதுப் புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. வளரிளம் பருவத்தில் மொஸ்கோனி மேசையைவிட்டு விலகி, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலைப் பழகினார். 1929 இன் பின் அமெரிக்காவைப் பிடித்த பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையை இழந்தார். வீட்டிற் பசி வந்தபோது கைக்குத் தெரிந்த தொழில் ஒன்று நினைவுக்கு வந்தது. உள்ளூர்ப் போட்டியொன்றிற் பங்குகொண்டு பரிசு பெற்றார். அங்கிருந்து பெரிய போட்டிகளுக்கு வழி பிறந்தது.

1933 இல், மேசைகளும் ஆட்டப் பொருள்களும் செய்யும் பிரன்ஸ்விக் நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்து, கிறீன்லீப்போடு நாடெங்கும் காட்சி ஆட்டங்களுக்கு அனுப்பியது. ஊர் ஊராய்ச் சென்று இருவரும் 107 முறை மோதினர். கிறீன்லீப் 57 முறை வென்றார். மொஸ்கோனி 50 முறை வென்றார். இருபது வயது இளைஞர், உலகின் முதல்வராய்க் கருதப்பட்டவரை ஏறக்குறைய நிகராக நின்று எதிர்த்தார். இளமையிற் கிடைக்கக்கூடிய பள்ளிகளுள் இதனினும் சிறந்ததொன்று இருந்திருக்க முடியாது.

கிறீன்லீப்பிடம் அவர் கற்றது ஆட்டத்தை மட்டுமன்று. கிறீன்லீப் பேரழகர், உடையிலும் நடையிலும் மன்னர் போன்றவர், மேசையில் அவருக்கிருந்த அருளாற்றலை எதிராளிகளே வியந்தனர். ஆனால், மது அவரை உள்ளிருந்தே அரித்தது. வென்ற பட்டங்கள் கைவிட்டுப் போயின, உடல் தளர்ந்தது. 1950 இல், தமது ஐம்பதாவது வயதில் அவர் மறைந்தார். ஒரே மனிதரிடம் பின்பற்ற வேண்டியதையும் விலக்க வேண்டியதையும் மொஸ்கோனி நேரிற் கண்டார். மேசையில் இத்துணை முன்னெண்ணம் உடைய ஒருவர், மேசைக்கு வெளியே தமது அடுத்த இடத்தை எண்ணாது வாழ்ந்ததையும் கண்டார்.

ஆட்டத்தின் ஒழுங்கு

மொஸ்கோனியின் ஆட்டத்தை முதன்முறை பார்த்தவர்கள் ஏமாற்றமே அடைந்திருப்பர். அவர் செய்த அடிகள் பெரும்பாலும் எளியனவாய்த் தோன்றின. பந்துகள் மெல்லென உருண்டு குழியுள் வீழ்ந்தன. வெள்ளைப் பந்து சில அங்குலம் நகர்ந்து நின்றது. அடுத்த பந்தும் அதற்கு நேரே எளிதாய்க் கிடந்தது. காண்பவருக்கு எல்லாம் நற்பேறு போலத் தோன்றும். அவ்வெளிமைக்குப் பின்னேதான் அவருடைய உழைப்பு மறைந்திருந்தது. வல்லவர் வியத்தகு அடிகளைச் செய்து தப்புவர். அவரினும் வல்லவருக்கு வியத்தகு அடி தேவைப்படுவதே இல்லை.

அவருடைய ஒழுங்கைச் சில கூறுகளாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, தொல்லை தரும் பந்துகளை முதலிலேயே தீர்த்துவிடுதல். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பனவும், மேசையின் ஓரத்திண்டை அணைந்து கிடப்பனவும் தொல்லைப் பந்துகள். எளிய பந்துகள் எங்கும் ஓடிவிடா. மேசையிற் பந்துகள் நிறைந்திருக்கும்போது, ஒரு முயற்சி பிசகினாலும் கைகொடுப்பதற்கு வேறு பந்து இருக்கும். எளியனவற்றை முதலில் வீழ்த்தி அரியனவற்றைக் கடைசிக்கு ஒதுக்குபவர், உதவிக்கு ஆளில்லாத வேளையில் ஆபத்தை அழைப்பவராவார்.

இரண்டாவது, முடிவை முன்னரே தெரிதல். எஞ்சி நிற்கவேண்டிய பதினைந்தாவது பந்து எது என்பதைப் பாதி ஆட்டத்திலேயே அவர் தெரிந்துகொள்வார். அடுக்கு வரப்போகும் இடத்துக்கு அருகே, சற்றே பக்கமாய்க் கிடக்கும் பந்து அதற்குத் தகும். அதை வீழ்த்துவதற்கு ஏற்ற இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்தித் தரும் பதினான்காவது பந்து எது என்பதையும் உடன் தெரிவார். அவ்விரண்டையும் தீண்டாது காத்துக்கொண்டு, மற்றவற்றை வீழ்த்தும் முறையைக் கடைசியிலிருந்து முதலை நோக்கி வகுப்பார். கரத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. சிவப்புக் காயை விழுத்தியவர் அடுத்த அடியிலே தமது காயொன்றை விழுத்தி அதை உறுதி செய்யவேண்டும். உறுதி செய்யும் காயைப் பார்த்து வைத்துக்கொண்டு சிவப்பைத் தொடுபவருக்கும், சிவப்பை விழுத்தியபின் காயைத் தேடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆடுவோர் அறிவர்.

மூன்றாவது, வெள்ளைப் பந்தைக் குறைந்த தூரம் ஓடவிடுதல். இதற்கு இயற்கை விதியே துணை. வெள்ளைப் பந்து சுழற்சியின்றிச் சறுக்கிச் சென்று மற்றொரு பந்தை நேராக மோதினால், தன் விரைவு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டு, மோதிய இடத்திலேயே நின்றுவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடையுடையனவாதலின் இவ்வாறு நிகழ்கிறது. சற்றே பக்கமாக மோதினால், மற்றப் பந்து செல்லும் திசைக்கு ஏறத்தாழச் செங்கோணமாக வெள்ளைப் பந்து விலகும். பந்தின் மேற்பாதியிற் கோல் பட்டிருந்தால் அக்கோட்டுக்கு முன்னே வளைந்து செல்லும். கீழ்ப்பாதியிற் பட்டிருந்தால் பின்னே வளைந்து வரும். இவ்வளவையும் அறிந்தவர், மேசையைச் சுற்றி ஓடவிட்டு நற்பேற்றை நம்பவேண்டியதில்லை. பந்து எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அவ்வளவு பிழையும் அதனோடு கூடி ஓடும்.

நான்காவது, அளவான சாய்வைத் தேடுதல். வெள்ளைப் பந்தும் அடிக்கவேண்டிய பந்தும் குழியும் ஒரே நேர்கோட்டில் அமைவதே சிறப்பு எனப் புதியவர் எண்ணுவர். ஆனால், நேர்கோட்டில் அகப்பட்ட வெள்ளைப் பந்து, அக்கோட்டின்வழியே முன்னோ பின்னோதான் செல்லமுடியும். சற்றே சாய்வு இருந்தால் மேசையின் பல பக்கங்களுக்கும் வழி திறக்கும். அவ்வாறே, அடுத்த அடிக்குரிய கோட்டைக் குறுக்கே கடந்து செல்லும்படி வெள்ளைப் பந்தை அனுப்புவதிலும், அக்கோட்டின் நெடுக அது வரும்படி அனுப்புவது நன்று. நெடுக வரும் பந்து சற்று முந்தி நின்றாலும் பிந்தி நின்றாலும் கோடு தவறாது.

வாவியில் வீச்சுவலை எறிபவர், வலை விழும் இடத்தோடு தோணி நிற்கும் இடத்தையும் சேர்த்தே எண்ணுவார். ஓர் எறிவு மீனைத் தரலாம். ஆனால் தோணி மணலில் ஏறிவிட்டால் அடுத்த எறிவுக்கு வழியில்லை. மொஸ்கோனியின் கணக்கும் இத்தகையதே.

இவ்வளவையும் எண்ணுபவர் மிக மெதுவாக ஆடுவார் என நாம் நினைப்போம். மொஸ்கோனி விரைவாக ஆடுபவர் எனப் பெயர் பெற்றவர். முடிவுகள் முன்னரே எடுக்கப்பட்டு விட்டமையால் மேசையருகே நின்று தயங்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை. கணிதப் பாடத்தில் முறையை விளங்கிக்கொண்ட மாணவன் விடையை விரைந்து எழுதுவதைப் போன்றது அது.

ஐந்நூற்று இருபத்தாறு

1941 இல் மொஸ்கோனி முதன்முறையாக உலகச் சம்பியன் பட்டத்தை வென்றார். அன்று தொடங்கி 1957 வரையுள்ள காலத்துள் பதினைந்து முறை அப்பட்டம் அவரை அடைந்தது. ஏவின் ருடொல்ப், அன்ட்ரூ பொன்சி, ஜிம்மி கராஸ், ஏர்விங் கிரேன் முதலிய வல்லவர்கள் வாழ்ந்த காலம் அது. 1956 இல், வட கரோலினா மாநிலத்தின் கின்ஸ்டன் நகரில் ஜிம்மி மூரோடு ஆடியபோது, தமக்குக் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே 150 பந்துகளைத் தொடர்ந்து வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். எதிராளி அமர்ந்து பார்ப்பதன்றி வேறெதுவும் செய்தற்கில்லை.

எனினும், அவர் பெயரோடு என்றும் ஒட்டி நிற்கும் எண் 526. 1954 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலுள்ள கூடமொன்றில் நடந்த காட்சி ஆட்டத்தில், 526 பந்துகளை ஒன்றுகூடத் தவறாது அடுத்தடுத்து வீழ்த்தினார். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஆட்டம் நீண்டது. கண்டிருந்தோர் முப்பத்தைவருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட சத்தியக் கடதாசி அதற்குச் சான்றாக உள்ளது.

இந்த எண்ணைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். பதினான்கு பந்துகள் கொண்ட தொகுதிகள் முப்பத்தேழு. மேலும் எட்டுப் பந்துகள். அஃதாவது, முப்பத்தேழு முறை மேசை வெறுமையாகி, முப்பத்தேழு முறை அடுக்கு மீண்டும் அமைந்தது. ஒவ்வொரு முறையும் எஞ்சவேண்டிய பந்து எஞ்சியது, நிற்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பந்து நின்றது, அடுக்கு கலைந்தது. நற்பேறு ஒருமுறை வாய்க்கலாம், இருமுறையும் வாய்க்கலாம். முப்பத்தேழு முறை வாய்ப்பதை நற்பேறு என்று அழைத்தல் தகாது.

உண்மையைக் கூறுவதாயின், அன்று அவர் ஆடியது எட்டடி நீளமுள்ள மேசை. பெரும் போட்டிகளுக்குரிய மேசை அதனினும் பெரிது. இதனால் அச்செயலின் மதிப்பு சற்றே குறையலாம், வியப்புக் குறையாது. அந்த எண் அறுபத்தைந்து ஆண்டுகள் அசையாது நின்றது. 2019 இல் அமெரிக்கரான ஜோன் ஷ்மிட் 626 பந்துகளையும், 2022 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேசன் ஷோ 714 பந்துகளையும் தொடர்ந்து வீழ்த்தி அதைக் கடந்தனர். அவர்கள் அந்த எண்ணை முறியடிப்பதற்கென்றே திட்டமிட்டு, நாட்கணக்கில் மீண்டும் மீண்டும் முயன்றவர்கள். மொஸ்கோனியோ ஒரு மாலைக் காட்சி ஆட்டத்தின் போக்கில் அதை எட்டினார்.

பெயரும் மதிப்பும்

1956 இன் இறுதியிற் பக்கவாதம் அவரைத் தாக்கியது. கையும் கண்ணும் ஒருங்கே இயங்கவேண்டிய தொழிலாளிக்கு இதனினும் கொடிய தாக்குதல் வேறில்லை. விடாமுயற்சியால் மீண்டும் கோலைப் பிடித்தார். பழைய நிலையை எட்டினார். ஆயினும், போட்டிகளிலிருந்து அவர் படிப்படியாக ஒதுங்கிய காலம் அதுவே.

பணத்துக்காகப் பந்தயம் கட்டி, முதலில் தோற்பதுபோல் நடித்துப் பின்னர் எதிராளியின் பையை வெறுமையாக்கும் ஏமாற்றுக்காரர்கள் அந்நாட்டிற் பலர் இருந்தனர். அவர்கள்மீது மொஸ்கோனிக்கு ஆறாத வெறுப்பு. அவர் எப்போதும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே மேசைக்கு வந்தார். கல்லூரிகளிலும் கழகங்களிலும், பெண்களும் பிள்ளைகளும் பார்க்கத்தக்க காட்சிகளாகவே தம் ஆட்டத்தை நடத்தினார். ஆட்ட முறைகளை விளக்கி நூல்கள் எழுதினார். கணக்கர் தம் ஏட்டைத் துப்புரவாக வைத்திருப்பதுபோலத் தம் தொழிலை வைத்திருக்க விரும்பினார்.

1961 இல் ஹொலிவூட் திரைப்படமொன்று வெளிவந்தது. வோல்ற்றர் டெவிஸ் 1959 இல் எழுதிய தி ஹஸ்லர் என்னும் நாவலைத் தழுவிய படம் அது. போல் நியூமன் தலைமை நடிகர். அவருக்குக் கோல் பிடிக்கக் கற்பித்தவரும், ஆட்டக் காட்சிகளுக்கு ஆலோசகராயிருந்தவரும் மொஸ்கோனியே. திரையிற் சில அரிய அடிகளைச் செய்யும் கைகள் அவருடைய கைகளே. படம் பெரும்புகழ் பெற்றது. கைவிடப்பட்டுக் கிடந்த கூடங்கள் மீண்டும் நிறைந்தன. ஆனால், படம் புகழ் தேடித் தந்தது யாருக்கு? அவர் வாழ்நாளெல்லாம் வெறுத்த பந்தயக்காரர்களுக்கே.

விந்தை இதனோடு முடியவில்லை. கதையில் வரும் மினசோட்டா பற்ஸ் என்னும் பெருத்த உருவமுடைய ஆட்டக்காரர் தாமே எனக் கூறிக்கொண்டு, ருடொல்ப் வொண்டரோன் என்பவர் முன்வந்தார். கதாசிரியர் மறுத்தும் பயனில்லை. வாய்வன்மையும் நகைச்சுவையும் மிக்க அவரை மக்கள் விரும்பினர். உலகப் பட்டம் ஒன்றையேனும் வெல்லாத அவரின் பெயர், பதினைந்து முறை வென்றவரின் பெயரிலும் பார்க்க வீட்டுக்கு வீடு பரவியது. 1978 ஆம் ஆண்டு பெப்ரவரி 14 ஆம் நாள், நியூயோர்க் நகரின் வோல்டோர்ப் அஸ்டோரியா விடுதியில் இருவரும் தொலைக்காட்சிக்காக மோதினர். மற்றவர் இடைவிடாது பேசினார். அறுபத்து நான்கு வயதான மொஸ்கோனி பந்துகளை வீழ்த்தினார். மூன்று பகுதிகளையும் மொஸ்கோனியே வென்றார்.

வென்றபோதும் அவர் மனம் நிறைந்திருக்குமா என்பது ஐயமே. மேசையில் எது எங்கே நிற்கும் என்பதைக் கடைசிவரை கணித்தவருக்கு, மக்கள் மனத்திற் புகழ் எங்கே சென்று நிற்கும் என்பதைக் கணிக்க முடியவில்லை. கற்றவரும் கலைஞரும் இவ்விடத்தில் அவரோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்வர். தொழிலைச் செவ்வனே செய்வது நம் கையில் உள்ளது. அதற்குரிய பெயரைச் சேர்ப்பிப்பது நம் கையில் இல்லை. இரண்டையும் ஒன்றென எண்ணியவர் துன்புறுவர். மொஸ்கோனி ஓரளவு துன்புற்றார். ஆனால் அதற்காகத் தம் முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

நமது பங்கு

கோலும் பந்தும் நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல. பில்லியட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்னூக்கர் என்னும் ஆட்டம் 1875 இல் இந்தியாவின் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே தோன்றி, பின்னர் தமிழகத்தின் உதகமண்டலத்திலுள்ள கழகத்தில் விதிகள் பெற்று வளர்ந்தது. இலங்கையைச் சேர்ந்த எம். ஜே. எம். லாபிர், 1973 இல் பம்பாயில் நடந்த போட்டியில் பில்லியட்ஸ் ஆட்டத்தின் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். எந்த விளையாட்டிலும் உலகச் சம்பியன் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் அவரே. 1930 இற் பிறந்து 1981 இல் மறைந்த அவரும் வெள்ளைப் பந்தின் அடுத்த இடத்தைக் கணித்தே உயர்ந்தவர். ஆட்டத்தின் விதிகள் வேறாயினும் அடிப்படைக் கலை ஒன்றே.

ஆகவே, கரம் பலகையைச் சுற்றி அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் காணும் ஆசிரியர், பலகையைத் தூக்கி ஒளித்து வைப்பதற்கு முன் ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்கலாம். இந்தக் காயை ஏன் முதலில் அடித்தாய். அடுத்து எதை அடிக்கப்போகிறாய். கடைசியில் எதை வைத்திருப்பாய் என்பதே அந்த வினா. விடை சொல்லத் தெரிந்த பிள்ளை பொழுதை வீணாக்கவில்லை. விடை தெரியாத பிள்ளைக்கு அவ்வினாவே ஒரு பாடம். பந்தயக் காசு பலகைக்கு வருமிடத்திற் கண்டிப்பு வேண்டும். சிந்தனை வருமிடத்தில் அது வேண்டியதில்லை.

மொஸ்கோனி 1993 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆம் நாள், நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள தமது இல்லத்தில், எண்பதாவது வயதிற் காலமானார். மறு ஆண்டு தொடக்கம், அமெரிக்க அணிக்கும் ஐரோப்பிய அணிக்கும் இடையே அவர் பெயரால் மொஸ்கோனி கிண்ணப் போட்டி நடைபெற்று வருகிறது. வாழ்ந்த காலத்திற் பிறரிடம் சென்றடைந்த பெயரிற் பெரும்பங்கு, அவர் மறைந்தபின் அவரிடமே திரும்பியது. அவர் விரும்பியபடி, ஆட்டக்காரர்கள் துப்புரவான உடையணிந்து, நடுவர் முன்னிலையில், ஆயிரக்கணக்கானோர் காண ஆடுகின்றனர். உருளைக்கிழங்கை உருட்டிய சிறுவனுக்கு அந்த இடத்தை அடைய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.